ஏனத்தைப் பாத்து ஊத்து

"பாத்திரமறிந்து பிச்சையிடு, கோத்திரமறிந்து பெண்ணைக் கொடு." இந்தப் பழமொழியின் முதல் பாதி ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் பாதியின் மேல் எனக்கு இருக்கிற கோபம் தனி, அதை இன்னொரு நாள் பேசலாம். முதல் பாதிக்கு இரண்டு விளக்கம் நடமாடுகிறது. வந்து நிற்பவர் கையில் இருக்கிற கலத்தின் அளவைப் பார்த்துப் போடு, வழிய விடாதே என்பது ஒன்று. இன்னொன்று படித்தவர்கள் சொல்வது: பாத்திரம் என்றால் இங்கே சட்டி பானை கிடையாது, வடமொழியில் அதற்குத் தகுதி என்று பொருள், அதனால் வாங்குகிறவனின் யோக்கியதையைப் பார்த்துப் போடு. இந்த இரண்டாவது விளக்கத்தைச் சொல்லும்போது சொல்பவர் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிடும், கேட்கிறவர்களும் ஓகோ என்று தலையாட்டிவிடுவார்கள். எங்கள் பக்கம் அப்படித் தலையாட்டுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் வீட்டுக்குள் யாரும் பாத்திரம் என்று சொல்வதில்லை. ஏனம்தான். ஏனம் கழுவணும், ஏனத்தை ஒதுங்க வை, அந்தப் பெரிய ஏனத்தை எடு. பாத்திரம் என்பது டவுன் ரத வீதிக் கடைப் பலகையிலும் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் பார்க்கிற சொல். வீட்டில் புழங்காத சொல்லாக இருப்பதால் அதற்குள் ஏதோ பெரிய பொருள் ஒளிந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே நம்பத் தோன்றுகிறது.

எனக்கு இது உறுத்தலாக மாறியது எங்கள் ஊர்க் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வரி பிரிக்கக் கூடிய கூட்டத்தில். சேரன்மகாதேவிப் பக்கத்துச் சின்ன ஊர், சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் கொடை. குடும்பத்துக்குத் தலைக்கட்டு வரி எவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு யாரைக் கூப்பிடுவது, கணியான் கூத்து உண்டா இல்லையா என்றெல்லாம் பேசி முடித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். ஊருக்கு வெளியே பாலம் வேலை நடந்துகொண்டிருந்தது, தகரக் கொட்டகை போட்டு வடக்கத்திப் பையன்கள் ஒரு கூட்டம் தங்கியிருந்தார்கள். முந்தின வருஷம் அவர்களும் வந்து சாப்பிட்டதில் கடைசிப் பந்திக்குச் சோறு பத்தவில்லை என்று ஒருவர் ஆரம்பித்தார். வரி கொடுத்தவன் வீட்டுப் பிள்ளை பசியோடு போனான் என்றார் இன்னொருவர். அப்போதுதான் கணக்கு நோட்டை வைத்திருந்த அண்ணாச்சி சொன்னார்: "எல்லாருக்கும் போட்டு மாளுமாவே? பாத்திரமறிஞ்சு பிச்சையிடுன்னு சும்மாவா சொல்லிருக்கான். பாத்திரம்னா ஏனம் இல்லவே. தகுதி. யாருக்குப் போடணுமோ அவனுக்குப் போடணும்." அத்தோடு பேச்சு முடிந்தது. அரிசியைக் கூட்டலாமா என்று கேட்க வந்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அண்ணாச்சியைப் பற்றித் தப்பாக நினைக்க வேண்டாம். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வடமொழியும் கொஞ்சம் படித்தவர், எங்கள் ஊரில் புத்தகம் என்று ஒன்றைக் கையில் எடுத்த பிள்ளைகள் எல்லாரும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான், நான் உட்பட. அவர் கஞ்சத்தனத்தில் சொல்லவில்லை. கொடைக்குக் கடன் விழுந்தால் அவர் தலையில்தான் விழும். ஆனாலும் ஒரு சொல்லின் பொருளைச் சொல்லி ஒரு பந்தியை மூடிவிட முடியும் என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள் என்று தேடிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

குடிப்பதில் தொடங்கிய சொல்

வடமொழியில் 'பா' என்றால் குடி. நாம் சொல்லும் பானம் அதிலிருந்து வந்ததுதான். மரத்துக்குப் பாதபம் என்று ஒரு பெயர் உண்டு, காலால் குடிப்பது. யானைக்குத் த்விபம், துதிக்கையால் ஒரு தடவை வாயால் ஒரு தடவை என்று இரண்டு முறை குடிப்பது. தேன் குடிக்கிற வண்டு மதுபம். இந்தப் 'பா'வோடு 'த்ர' என்ற விகுதி சேர்ந்தால் பாத்ரம். அந்த விகுதி பெரும்பாலும் கருவியைக் குறிக்கும். கூட்டிச் செல்வது நேத்திரம், உடுத்துவது வஸ்திரம், துதிப்பதற்கு உள்ளது ஸ்தோத்திரம். பத்திரம் என்ற சொல்கூட 'பத்' என்கிற பறத்தலில் இருந்து வந்தது. முதலில் சிறகு, பிறகு இலை, பிறகு எழுதுகிற ஓலை, இப்போது நம் பீரோவில் பூட்டி வைத்திருக்கிற வீட்டுப் பத்திரம். அந்த வரிசையில் பாத்திரம் என்றால் குடிப்பதற்கான கருவி. அவ்வளவுதான். தண்ணீரோ பாலோ வாய்க்குப் போவதற்கு முன்னால் தங்கி நிற்கிற இடம்.

பிறகு அது எதையும் ஏந்திக்கொள்ளும் கலம் என்று விரிந்தது. அதிலிருந்து ஏந்திக்கொள்ளத் தக்கவர் என்ற பொருளுக்குப் போனது. கதையில் வரும் ஆளையும் பாத்திரம் என்கிறோம், ஒரு வேஷத்தை வாங்கி நிரப்பிக்கொள்வதால். அன்புக்குப் பாத்திரமானவர் என்று கல்யாண வாழ்த்தில் எழுதுகிறோம், கேலிக்குப் பாத்திரமானான் என்றும் எழுதுகிறோம். அன்போ கேலியோ, அது வந்து விழுகிற இடம் அந்த ஆள். இந்த வழக்குகளில் தகுதி என்பதைவிட ஏற்றுக்கொள்ளும் இடம் என்பதுதான் முன்னால் நிற்கிறது. கேலிக்குத் தகுதி பெற்றான் என்று யாரும் சொல்வதில்லையே.

தகுதி என்ற பொருளும் பொய் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கீதையில் 17ஆம் அத்தியாயம் 20ஆவது சுலோகம், கைம்மாறு செய்ய முடியாதவனுக்குத் தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்க பாத்திரத்தில் கொடுப்பதே சாத்விகமான தானம் என்கிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதி இன்னும் கறாராகப் பேசும். வெறும் படிப்பாலும் வராது, வெறும் தவத்தாலும் வராது, அந்த இரண்டோடு ஒழுக்கமும் எவனிடம் இருக்கிறதோ அவனே பாத்திரம் என்று. வடக்கே இன்றைக்கும் அரசாங்க அறிவிப்புகளில் 'பாத்ரதா' என்றால் விண்ணப்பிக்கும் தகுதிதான். அந்தக் கொட்டகைப் பையன்களின் இந்தியில் கழுவி வைக்கிற சட்டி பானைக்குப் 'பர்த்தன்' என்று வேறு சொல் இருக்கிறது. ஆக அண்ணாச்சி சொன்ன பொருள் சரி. நான் அங்கேயே நின்றிருந்தால் அவர் பக்கம்தான் போயிருக்க வேண்டும்.

நிற்க முடியாமல் போனதற்கு ஒரே ஒரு வாக்கு காரணம். 'அன்னஸ்ய க்ஷுதிதம் பாத்ரம்' என்று ஒரு பழைய வழக்கு உண்டு. சோற்றுக்குப் பசித்தவனே பாத்திரம். படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தகுதி என்ற பொருளை அது மறுக்கவே இல்லை. தகுதி வேண்டும்தான், ஆனால் சோற்றுக்குத் தகுதி பசி என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. எவனுக்குப் பசிக்கிறதோ அவன் தகுதி பெற்றவன். அதற்கு மேல் அவனிடம் கேட்க ஒன்றும் கிடையாது, ஊர் எது, வரி கட்டினாயா, என்ன சாதி, என்ன பாஷை, எதுவும். யாக்ஞவல்கியர் கேட்கிற படிப்பும் தவமும் தானம் வாங்குகிறவருக்கு, வேளைச் சோற்றுக்கு வந்து நிற்பவனிடம் அந்தச் சீட்டைக் கேட்கக் கூடாது. ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

தவசுப்பிள்ளை சொன்னது

இவ்வளவும் புத்தகத்தில் இருப்பது. ஆனால் பழமொழியின் முதல் விளக்கத்தை, அதாவது கையில் இருக்கும் கலத்தைப் பார்த்துப் போடு என்பதை, விவரம் தெரியாதவர்கள் சொல்வது என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று எனக்குப் புரிய வைத்தவர் அந்த வருஷக் கொடைக்குச் சமைக்க வந்த தவசுப்பிள்ளை.

மத்தியானக் கொடை முடிந்து படைப்பை எடுத்த பிறகு பந்தி ஆரம்பித்தது. நான் சாம்பார் அண்டா பக்கம் நின்றேன். பந்தியில் உட்காருகிறவர்கள் ஒரு பக்கம், வீட்டில் இருக்கிற வயசாளிகளுக்கு வாங்கிப்போக வந்தவர்கள் ஒரு பக்கம். தூக்குவாளி, குத்துப்போணி, சருவச்சட்டி, எவர்சில்வர் வாளி என்று வரிசையாக நீட்டினார்கள். அந்த வரிசையில் கொட்டகைப் பையன் ஒருவன், இருபது வயசுகூட இருக்காது, கையில் பெயிண்ட் வாளி. நன்றாகத் தேய்த்துக் கழுவித்தான் கொண்டுவந்திருந்தான், உள்பக்கம் நீலக்கறை மட்டும் விளிம்பில் ஒட்டியிருந்தது. நான் அகப்பையை எடுத்ததும் தவசுப்பிள்ளை கையைப் பிடித்தார். "ஏனத்தைப் பாத்து ஊத்துங்கய்யா." எனக்குப் பகீர் என்றது, இவரும் அதையே ஆரம்பிக்கிறாரே என்று. அவர் வாளியை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார், உள்ளே விரலைவிட்டுத் தடவிப் பார்த்தார், தலையை ஆட்டினார். "கொதிக்கக் கொதிக்க ஊத்துனா பெயிண்டு எறங்கிரும். புளி போட்ட சாமான் வேற. பிள்ளையள் வயித்துக்கு ஆகாது." அடுப்புக்குப் பின்னால் போய் அவருடைய சொந்தச் சருவச்சட்டி ஒன்றையும் தூக்குவாளி ஒன்றையும் எடுத்துவந்தார். சோற்றை அழுத்தி நிரப்பி, மேலே வாழையிலையைக் கிள்ளி மூடி, தூக்கில் சாம்பாரை ஊற்றி மூடியைத் திருகிக் கொடுத்து, சாயங்காலம் கழுவிக் கொண்டுவா என்று கையால் சைகை காட்டினார். உள்ளே எத்தனை பேர் என்று விரலை விரித்துக் கேட்டார், அவன் காட்டிய விரல்களைப் பார்த்து இன்னொரு அகப்பை சோறு வைத்தார். அண்ணாச்சி இரண்டு எட்டு தள்ளி நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஏனத்தைப் பார்ப்பது என்றால் இதுதான் என்று எனக்கு அந்த இடத்தில் பட்டது. சமையல்காரர்களுக்கும் நம் ஆச்சிமார்களுக்கும் எந்தப் பண்டத்தை எந்த ஏனத்தில் வைக்கலாம் என்பது பெரிய விஷயம். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பை வைத்தால் புளிப்பு செம்பைக் கரைத்து இழுத்துக்கொள்ளும், பச்சையாகக் களிம்பு ஏறும், சாப்பிட்டவர்களுக்கு வாந்திதான். தயிரும் அப்படித்தான். அதனால் குழம்புக்கு மண்சட்டி, ரசத்துக்கு ஈயச்செம்பு, தயிருக்குக் கல்சட்டி என்று வைத்திருந்தார்கள். பித்தளை அண்டாக்களுக்கு அவ்வப்போது ஈயம் பூச வேண்டும். என் சின்ன வயதில் ஈயம் பூசுகிறவர் தெருமுனையில் குழி தோண்டித் துருத்தி பதித்துக் கரியைப் பற்றவைப்பார், ஏனத்தைச் சூடு ஏற்றி உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும்பும், கண்ணைக் கரிக்கும், அந்தப் புகைக்குள்ளேயே வெள்ளீயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்துத் துணியால் வளைத்து ஒரு துடைப்பு துடைப்பார். கறுத்துப்போய் இருந்த அண்டாவின் அடியில் வெள்ளி உருகி ஓடுவதுபோல் ஒரு பளபளப்பு பரவும். அதைத் தண்ணீருக்குள் முக்கும்போது வருகிற சத்தத்துக்காகவே நாங்கள் காத்துக்கிடப்போம். வீட்டில் ஈயம் என்று சொல்வதெல்லாம் இந்த வெள்ளீயம்தான், காரீயம் விஷம், அதைப் பூச மாட்டார்கள்.

இவ்வளவு பாடும் எதற்கு? சோறு போகிற இடத்தில் கெட்டுப்போகாமல், சாப்பிடுகிறவனுக்குத் தீங்கு வராமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு. பாத்திரமறிந்து என்பதை இந்தப் பக்கமிருந்து பார்த்தால் பாரம் முழுக்கக் கொடுக்கிறவன் தலையில் விழுகிறது. வாங்குகிறவனுக்கு எவ்வளவு கொள்ளும், எது ஒத்துக்கொள்ளும், எதில் கொடுத்தால் வீட்டுவரை போகும் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும். பல் போன கிழவிக்கு முறுக்கைப் போட்டுவிட்டுத் தானம் செய்தேன் என்று சொல்லக் கூடாது. அவன் ஏனம் சரியில்லை என்றால் வேறு ஏனம் தேடித் தர வேண்டியது என் வேலை, அவனை வரிசையில் இருந்து விரட்டுவது என் வேலை இல்லை. தகுதி என்று பொருள் சொல்கிற விளக்கம் அந்தப் பாரத்தை அப்படியே தூக்கி வாங்குகிறவன் தலையில் வைத்துவிட்டது. எனக்கு உறுத்தியது இந்த இடம்தான், அதைக் கண்டுபிடிக்கத் தவசுப்பிள்ளை மோந்து பார்த்த பெயிண்ட் வாளி வேண்டியிருந்தது.

உண்போரைத் தேடிப் போனவன்

தமிழில் பாத்திரம் என்ற சொல்லைத் தலைப்பிலேயே ஏற்றி வைத்திருப்பது மணிமேகலை. 'பாத்திரம் பெற்ற காதை', 'பாத்திர மரபு கூறிய காதை', 'பாத்திரங்கொண்டு பிச்சை புக்க காதை' என்று மூன்று காதைகள். அண்ணாச்சி திண்ணையில்தான் எனக்கு இவை அறிமுகம். அமுதசுரபியைக் கையில் வாங்கிய மணிமேகலையிடம் மணிபல்லவத் தீவில் காவல் இருக்கும் தீவதிலகை சொல்லுகிறாள்:

"ஆற்றுநர்க்கு அளிப்போர் அறவிலை பகர்வோர்
ஆற்றா மாக்கள் அரும்பசி களைவோர்
மேற்றே உலகின் மெய்ந்நெறி வாழ்க்கை."

திருப்பிச் செய்ய வல்லவனுக்குக் கொடுப்பவன் அறத்தை விற்கிறான். முடியாதவனின் பசியைத் தீர்ப்பவனிடம்தான் மெய்யான வாழ்க்கை இருக்கிறது. வரி கொடுத்தவன் வீட்டுக்கு மட்டும் சோறு என்றால் அதன் பெயர் என்ன என்று இந்த வரியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதே காப்பியத்தில் ஆபுத்திரன் மதுரையில் இருந்துகொண்டு கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடம்பட்டவர், பேண ஆளில்லாதவர், நோயாளி என்று எல்லாரையும் "யாவரும் வருக" என்று கூப்பிட்டு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தான் தின்று, பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துப் படுக்கிறவன். சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைக் கொடுத்த பிறகு இந்திரன் அவனை மடக்க ஒரு வழி செய்கிறான், பன்னிரண்டு வருஷம் வறண்டு கிடந்த பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டிவிடுகிறான். விளைச்சல் பெருகிப் பசித்தவனே இல்லாமல் போகிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆபுத்திரன் "ஊரூர் தோறும் உண்போர் வினாஅய்", சாப்பிட ஆள் உண்டா என்று ஊர் ஊராகக் கேட்டுத் திரிகிறான், பார்த்தவர்கள் இகழ்கிறார்கள். பாத்திரம் அறிந்து கொடுப்பதற்கு இதைவிட ஒரு படம் எனக்குத் தெரியாது. தேடிப்போய் அறிகிறான். நம் வாசலுக்கே வந்து நிற்பவனிடம் நாம் சீட்டு கேட்கிறோம்.

அறவிலை என்ற அந்தச் சொல் புறநானூற்றிலும் வருகிறது, அது வந்து விழுவது எங்கள் மலையில். பொதியிலை ஆண்ட ஆய் அண்டிரனை முடமோசியார் பாடுகிறார், "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆமெனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்" என்று. இந்தப் பிறவியில் போட்டு அடுத்த பிறவியில் எடுக்கிற வியாபாரி இல்லை ஆய். தாமிரபரணி இறங்கி வருகிற மலைக்காரனைப் பற்றிச் சொன்ன பேச்சு. எங்கள் ஊர்களில் சாமிக்குச் செய்கிற திருவிழாவைத் திருவிழா என்றுகூடச் சொல்வதில்லை, கொடை என்றுதான் சொல்கிறோம். கொடுப்பதையே பெயராக வைத்துக்கொண்ட ஒரு நாளில் யாருக்குக் கொடுப்பது என்று நோட்டைப் புரட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். கோபப்படாமல் கேட்டார். கீதைச் சுலோகத்தை நான் பாதிதான் சொன்னேன் என்று மீதியையும் சொல்லவைத்தார், யாக்ஞவல்கியர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு பேசக் கூடாது என்றார். 'அன்னஸ்ய க்ஷுதிதம் பாத்ரம்' என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு நோட்டின் பின் அட்டையில் எழுதிக்கொண்டார். அப்புறம் அரிசிக் கணக்கை எடுத்தார். போன வருஷத்தைவிட ஒரு மூட்டை கூட்டினால் வரி எவ்வளவு ஏறும் என்று பென்சிலால் போட்டுப் பார்த்து, தலைக்கட்டுக்கு ஏறுகிற தொகை பெரிசாக இல்லை, ஆனால் விறகுச் செலவையும் சேர்க்கணும், அதை யாரும் யோசிக்க மாட்டேங்கீங்க என்று திட்டினார். விறகுக்கு நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷக் கொடை நோட்டீஸில் 'மதியம் அன்னதானம் நடைபெறும்' என்ற வரிக்குக் கீழே, வீட்டுக்கு வாங்கிப்போகிறவர்கள் ஏனம் கொண்டு வரலாம், இல்லாதவர்களுக்குக் கோயிலில் கொடுக்கப்படும் என்று சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். சேர்த்துவிட்டார். 'ஏனம்' என்று அச்சில் போட்டால் நன்றாக இருக்காது, 'பாத்திரம்' என்றே போடுவோம் என்கிறார். நான் ஏனம் என்றே இருக்கட்டும் என்கிறேன், பெண்டுகள் படித்தால் உடனே விளங்கும். இந்தி தெரிந்த பிள்ளை ஒருத்தியிடம் கேட்டு அந்த ஒரு வரியை மட்டும் அந்த எழுத்திலும் போட்டுக் கொட்டகையில் ஒட்டலாம் என்று இன்னொருவர் சொன்னார், அதற்கு யாரும் மறுப்பு சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறோம்.